டைப் 1 சுகர் உள்ள பிள்ளைக்குச் சோறு எவ்வளவு, எடை எவ்வளவு: நெல்லை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

பிள்ளைக்கு டைப் 1 சுகர் என்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், நம்ம ஊர் வீடுகளில் முதலில் குறைவது சோறுதான். டைப் 2 சுகர் உள்ள தாத்தாவுக்குச் சொன்ன பத்தியத்தை அப்படியே பேத்திக்கும் வைத்துவிடுகிறார்கள். தாத்தாவின் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, சரியாக வேலை செய்வதில்லை. எடை குறைந்தால் அவருக்கு நல்லது. பேத்திக்கோ, இன்சுலின் சுரக்கும் செல்களை அவளுடைய எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. ஊசி போட்டால்தான் சாப்பிட்டது உடம்பில் சேரும். வளர வேண்டிய வயதில் அவளுக்குச் சோற்றைக் குறைத்தால் சுகர் கொஞ்சம் இறங்கும், கூடவே வளர்த்தியும் நின்றுபோகும்.

வயதுக்கு வேண்டியதைச் சாப்பிட வைத்து, அதை அளந்து, அதற்குத் தக்க இன்சுலின் போடுவதுதான் முறை. டோஸை மாற்றுவது டாக்டரின் முடிவு. ஆனால் கணக்கு தெரிந்த பெற்றோரிடம் டாக்டர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

1. எந்த வகை இன்சுலின் என்று முதலில் பாருங்கள்

சாப்பாட்டுத் திட்டம் இதைப் பொறுத்துத்தான். காலை, ராத்திரி என்று இரண்டு வேளை மிக்ஸ்டு இன்சுலின், அல்லது குறுகிய நேரம் வேலை செய்யும் ரெகுலரும் நடுத்தர நேரம் வேலை செய்யும் என்.பி.ஹெச்.சும் போடுகிற பிள்ளைக்கு டோஸ் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அதனால் சாப்பாடுதான் டோஸுக்கு ஒத்துப்போக வேண்டும். தினமும் ஏறக்குறைய அதே நேரம், ஒவ்வொரு வேளையும் ஏறக்குறைய அதே அளவு மாவுச்சத்து. காலையில் போட்ட என்.பி.ஹெச். நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், 11 மணித் தின்பண்டத்தையும் மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போடக் கூடாது.

நீண்ட நேர இன்சுலின் ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன் வேக இன்சுலின் ஒவ்வொரு வேளை என்று போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. மூன்று இட்லி தின்றால் மூன்று இட்லிக்கான டோஸ், ஐந்து தின்றால் ஐந்துக்கானது. வேக இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு, ரெகுலர் என்றால் அரை மணி நேரம் முன்பு.

ஒன்றை மட்டும் இப்போதே போய்ப் பாருங்கள். இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால், எவ்வளவு கவனமாகச் சோற்றை அளந்தாலும் பிரயோஜனம் இல்லை. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் உள்ளே போகும்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1360 கலோரி, 7 முதல் 9 வயதுக்கு 1700 வேண்டும். 10 முதல் 12 வயதில் பெண்பிள்ளைக்கு 2060, ஆண்பிள்ளைக்கு 2220. சுகர் இல்லாத பிள்ளைக்குச் சொன்ன அளவுதான் சுகர் உள்ள பிள்ளைக்கும். இதில் பாதியளவு மாவுச்சத்திலிருந்து வரட்டும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி.

25 கிலோ எடையுள்ள எட்டு வயதுப் பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1700 கலோரியில் பாதி 850. அதை 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 210 கிராம் மாவுச்சத்து. காலை 50, பதினொரு மணிக்கு 15, மதியம் 60, சாயந்திரம் 25, ராத்திரி 50, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் 10. ஊசிமுறையைப் பொறுத்து இந்தப் பங்கீடு மாறும். மீதிக் கலோரி பருப்பு, முட்டை, மீன், தயிர், தேங்காய், எண்ணெயிலிருந்து வரும். சாளையிலும் நெத்திலியிலும் மாவுச்சத்தே கிடையாது. பசி தீரவில்லை என்று பிள்ளை அழுதால் இன்னொரு துண்டு மீனோ ஒரு முட்டையோ வைக்கலாம்.

சுகர் கண்டுபிடித்த புதிதில் இந்தக் கணக்கு உடைந்துபோகும். இன்சுலின் தொடங்கியதும் இழந்த எடையை மீட்க உடம்பு கேட்கும், பிள்ளை பறந்து பறந்து சாப்பிடும். அதைத் தடுக்க வேண்டாம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் பழைய எடை திரும்பி, பசியும் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் அதே அளவு தட்டில் விழுந்துகொண்டிருந்தால்தான் எடை தேவைக்கு மேல் ஏறும். அந்தத் திருப்பத்தில் டயட்டீஷியனைப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. தராசு வாங்குங்கள், கரண்டியைப் பழக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சமையலறைக்கான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். தட்டை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பட்டன் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"ஒரு இட்லியில் எவ்வளவு கார்ப் (மாவுச்சத்து)?" என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழி எவ்வளவு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாமே கண்டுபிடிப்போம். காய்ந்த அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. உளுந்தில் 50 முதல் 60 கிராம். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் மொத்தம் ஏறத்தாழ 735 கிராம். ஆட்டி முடித்த மாவைப் பாத்திரத்தின் எடை போக நிறுத்துப் பாருங்கள். 2600 கிராம் இருந்தால், 100 கிராம் மாவில் 28 கிராம் மாவுச்சத்து.

இனி அடுப்படிக்கு வாருங்கள். இட்லித் தட்டின் ஒரு குழியில் எவ்வளவு மாவு விழுகிறது? 45 கிராம் என்றால் ஓர் இட்லிக்கு 12 அல்லது 13 கிராம். தோசைக்கரண்டியில் 60 கிராம் மாவு என்றால் தோசைக்கு 17 கிராம். தோசையைச் சுட்டபின் நிறுக்காதீர்கள். முறுவலாகச் சுட்டால் தண்ணீர் வற்றி எடை குறையும், உள்ளே இருக்கும் மாவுச்சத்து குறையாது. முறுகல் தோசை லேசானது என்று நினைத்து டோஸைக் குறைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் ஏன் ஏறியது என்று யோசிக்கிற வீடுகள் உண்டு.

சோற்றுக்கும் இதே வழிதான். 200 கிராம் அரிசியில் 156 கிராம் மாவுச்சத்து. வடித்த சோறு 560 கிராம் இருந்தால் 100 கிராம் சோற்றுக்கு 28. குழைய வடிக்கிற வீட்டில் கொஞ்சம் குறைவாக வரும். அப்புறம் வீட்டில் எப்போதும் புழங்கும் ஒரு கரண்டியை எடுத்து, தலைதட்டி ஒரு கரண்டிச் சோறு எத்தனை கிராம் என்று பார்த்து, அடுப்புக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். கரண்டியை மாற்றாதீர்கள். பழைய சோறு என்றால் தண்ணீரும் மோரும் ஊற்றும் முன்பே எடை போட்டுவிட வேண்டும்.

கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கிராம். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சுகருக்கு நல்லது என்று சொல்லி எண்ணாமல் கொடுப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்டு, ஆனாலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கே இருக்கிறது. சர்க்கரை போடாத பால் 200 மில்லியில் 10 கிராம், தோல் உரித்த வாழைப்பழம் 100 கிராமில் 23 முதல் 27 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27 கிராம். கடலையில் நார்ச்சத்து நிறைய, சுகர் மெதுவாகத்தான் ஏறும். சாயந்திரத்துக்குச் சுண்டல் நல்லது.

கருப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியானாலும் சரி, எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டிக் காப்பி சுகரை ஏற்றாது என்று எந்த ஆச்சி சொன்னாலும் மறுபேச்சுப் பேசாமல் சிரித்துக்கொண்டே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பதநீர் 200 மில்லியில் 20 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கும். நுங்கு அந்த அளவு மோசமில்லை.

4. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வேளைக்கு வேளை இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. 500-ஐ ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராமைச் சமாளிக்கும் என்று வரும். நம் எட்டு வயதுப் பிள்ளை நாளுக்கு 20 யூனிட் போடுகிறாள் என்றால் 25 கிராமுக்கு ஒரு யூனிட். மதியம் 200 கிராம் சோறும் குழம்புமாக 60 கிராம் என்றால் 2.4 யூனிட். அரை யூனிட் போடக்கூடிய இன்சுலின் பேனா இருந்தால் 2.5.

இது தொடக்கம்தான். பல பிள்ளைகளுக்குக் காலை வேளையில் அதே இட்லிக்கு இன்னும் கூடுதலாக இன்சுலின் வேண்டும். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சரியாக அளந்த ஒரே மாதிரிக் காலைச் சாப்பாட்டை மூன்று நாள் கொடுத்து, சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் அடுத்த சாப்பாட்டுக்கு முன்பும் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அளவு சரி, ஊசி சரி, ஆனாலும் எல்லா வேளையும் ஏறியே இருக்கிறது என்றால் மருந்தைச் சந்தேகப்படுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்த இன்சுலின் வீணாகியிருக்கலாம். திரும்பத் திரும்பக் குத்திய இடத்தில் தோல் தடித்துப்போயிருந்தாலும் மருந்து ஒழுங்காக இறங்காது.

5. எடை ஏறுவதற்குப் பெரிய காரணம் தாழ்சுகர்

சுகர் உள்ள பிள்ளை குண்டானால் உடனே சோற்றின் மேல் பழி விழும். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பல நேரம் கதை வேறு.

ராத்திரி 10 மணிக்குப் பிள்ளை நடுங்குகிறாள், 62 காட்டுகிறது. 70-க்குக் கீழே என்றால் தாழ்சுகர், உடனே கொடுக்க வேண்டும். எவ்வளவு? எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 25 கிலோவுக்கு 7.5 கிராம். மட்டமாக எடுத்த இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு.

வீட்டில் நடப்பது என்ன? அம்மா குளுக்கோஸ் கலக்குவாள், அப்பா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார், ஆச்சி, "ஏளா, பிள்ளைக்கு ரெண்டு வாய் அல்வா குடு, மயங்கிறப்போவுது" என்பாள். பயத்தில் செய்வது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேவைக்கு மேல் 40 கிராம் உள்ளே போனால் 160 கலோரி. வாரம் நான்கு தடவை என்றால் 640. போதாதற்கு, அல்வாவிலும் சாக்லேட்டிலும் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேர்க்கும். அவசரத்துக்கு உதவாது, விடியும்போது 300 காட்டும். அதை இறக்க ஒரு கூடுதல் ஊசி, அதனால் இன்னொரு தாழ்சுகர், இன்னொரு பிஸ்கட்.

இதற்கு வழி சோற்றைக் குறைப்பதில்லை. ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பத் தாழ்ந்தால் அந்த நேரத்தில் வேலை செய்யும் இன்சுலின் அதிகம் என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லி அதைக் குறைக்க வேண்டும். இன்சுலினுக்காகப் பிள்ளைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தால் எடை ஏறத்தான் செய்யும். பிள்ளை நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுகரை உடனே ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6. சொதி, புரோட்டா, அல்வா, கோயில் கொடை

எதையும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். தடை செய்தால் பக்கத்து வீட்டில் ஒளிந்து தின்னும், அது கணக்கில் வராது.

சொதியில் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி. சொதியைவிட அதோடு விழும் சோறும் உருளைக்கிழங்கு சிப்ஸும்தான் மாவுச்சத்து. ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் 140 என்று அழகாக இருக்கும், நான்கு மணி நேரத்தில் 260. புரோட்டா சால்னாவும் பிரியாணியும் இப்படித்தான். சாப்பிட்ட நாளில் மூன்றாவது, ஐந்தாவது மணி நேரத்தில் பார்த்து எழுதி வையுங்கள். டோஸைப் பிரித்துப் போடுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

அல்வா கோதுமைப்பாலும் சர்க்கரையும் நெய்யும். கடைக்குக் கடை அளவு மாறும். எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. 25 கிராம் துண்டு ஏறத்தாழ 15 கிராம். சாப்பாட்டோடு சேர்த்து, அதற்கும் டோஸ் போட்டுக் கொடுங்கள். தனியாக நடுவில் வேண்டாம்.

கொடைதான் கஷ்டம். விடிய விடிய முழிப்பு, வில்லுப்பாட்டு, அத்தை ஒரு கைப்பிடி, சித்தி ஒரு கைப்பிடி. பிள்ளைக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்துவிடுங்கள். யார் எது கொடுத்தாலும் டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும், சாப்பிடும் நேரத்தில் எண்ணிச் சாப்பிடலாம். பொங்கச்சோறு தவிர மற்றதைப் பெரும்பாலும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

7. எடையை எப்படிப் பார்ப்பது

ஊர்க்கண்ணை நம்பாதீர்கள். "பிள்ள எலும்பா போச்சே" என்று சொன்ன அதே வாய் ஆறு மாதம் கழித்து "ஊதிட்டாளே" என்று சொல்லும். மாதம் ஒரு முறை ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் எடை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து உயரம். இரண்டையும் இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 5 முதல் 18 வயதுக்கான அட்டவணை அது.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. 25 கிலோ, 125 செ.மீ. என்றால் 16. எட்டு வயதுக்கு நல்ல எண். பெரியவர்களுக்கான 18.5, 23 என்ற எல்லையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிப் போகின்றனவா என்பதுதான் முக்கியம்.

கோடு கீழே சரிந்தால் முதலில் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் இன்சுலின் போதவில்லை, தின்றதெல்லாம் சிறுநீரில் போகிறது. அதற்குச் சத்துமாவுப் பானம் வாங்கிக் கலக்கினால் சுகர்தான் ஏறும். ஹெச்பிஏ1சி நன்றாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால் சாப்பாடு போதவில்லை, அல்லது தைராய்டு, அல்லது கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய். டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் கூட வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்யுங்கள்.

கோடு மேலே ஏறினால் முதலில் தாழ்சுகர் எண்ணிக்கை, அப்புறம் எண்ணெய்ப் பலகாரம், கடைசியில் சோறு. எடையை இறக்க வேண்டியதில்லை. உயரம் ஏறும்வரை எடையை அப்படியே பிடித்து வைத்தாலே பல பிள்ளைகளுக்குப் போதும்.

8. பள்ளிக்கூடம், ஆறு, காய்ச்சல்

அரசுப் பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளை என்றால், உப்புமா நாளிலும் பொங்கல் நாளிலும் ஒரு பங்கை டப்பாவில் கேட்டு வாங்கி வீட்டில் நிறுத்துப் பாருங்கள். மதியச் சத்துணவுக்கும் அப்படியே. டீச்சரிடம் குளுக்கோஸ் பவுடர் ஒன்று இருக்கட்டும்.

தாமிரபரணியில் குளிக்கவோ குற்றாலத்துக்கோ போகும் முன் சுகரைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 90-ஐத் தாண்டிய பிறகு இறங்கட்டும். நீச்சல் தெரிந்த, விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சாயந்திரம் கபடி ஆடிய நாளில் ராத்திரி தாழும், படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள்.

காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இன்சுலினை நிறுத்தவே கூடாது. உப்புக் கஞ்சியோ இளநீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 250-க்கு மேல் நின்றால், இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் இருக்கிறதா என்று சிறுநீர்ப் பட்டையில் சோதித்துப் பாருங்கள். விடாத வாந்தி, வேகமான மூச்சு, வாயில் பழவாடை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ கிளம்பிவிடுங்கள்.

9. வயதுக்கு வரும் பருவம்

இந்தப் பருவத்தில் உடம்பு இன்சுலினை எதிர்க்கும். அதுவரை கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் போதுமாக இருந்த பிள்ளைக்கு 1.2, 1.5 என்று ஏறலாம். யாரும் தப்பாகச் செய்யவில்லை, ஹார்மோன் வேலை. அதே நேரத்தில் நம் வீடுகளில் உளுந்தங்களி தொடங்கிவிடும். ஆச்சியும் பெரியம்மையும் ஆசையாகச் செய்வது, மறுக்க வேண்டியதில்லை. கிண்டும் முன் மாவையும் கருப்பட்டியையும் எடை போட்டுவிடுங்கள். ஒரு பங்கில் 50 கிராம் உளுந்து அரிசி மாவும் 30 கிராம் கருப்பட்டியும் என்றால் 55 கிராமைத் தாண்டும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் தனியாக ஏறத்தாழ 245 கலோரி. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கொடுங்கள். சாப்பாட்டோடு கூடுதலாக வேண்டாம்.

இந்த வயதில் இன்னொன்றும் நடக்கும். ஊசி போட்டால் குண்டாகிறோம் என்று கண்டுபிடித்த பிள்ளை ரகசியமாக ஊசியைத் தவிர்க்கத் தொடங்கலாம். எடை குறையும், ஹெச்பிஏ1சி ஏறும், மருந்து தீர வேண்டிய நாளில் தீராது. இது இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் கீட்டோ அசிடோசிஸில் கொண்டுபோய் விடும், உயிருக்கே ஆபத்து. சத்தம் போட்டால் ஒளிப்பது கூடும். பிள்ளையின் எடையைப் பற்றி வீட்டில் கேலி பேசுவதை முதலில் நிறுத்துங்கள். கொஞ்ச நாள் ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச அவளை விடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய சில நாள் சுகர் ஏறுகிறதா என்று மூன்று மாதம் நோட்டில் குறித்துக்கொண்டு போனால், அந்த நாட்களுக்கு மட்டும் டோஸைக் கூட்ட வேண்டுமா என்று அவர் அப்போதே சொல்லிவிடுவார்.